வரைபடக் கேள்வியில் எப்போது தோராயம், எப்போது கணக்கு?

மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜி.ஆர்.இ. தேர்வின் கணிதப் பகுதியில் 27 கேள்விகளுக்கு 47 நிமிடம் தருகிறார்கள். ஒரு கேள்விக்கு ஏறக்குறைய 1 நிமிடம் 44 விநாடி. மேலாண்மைப் படிப்புகளுக்கான ஜிமேட் தேர்வில் தரவுகளைக் கையாளும் பகுதியில் 20 கேள்விகளுக்கு 45 நிமிடம், அதாவது தலா 2 நிமிடம் 15 விநாடி. இதற்குள் வரைபடத்தின் தலைப்பைப் படிக்க வேண்டும், அச்சுகளில் என்ன அலகு என்று பார்க்க வேண்டும், கேள்வி எந்த ஆண்டைப் பற்றியது, எந்தப் பட்டையைப் பற்றியது என்று கண்டுபிடிக்க வேண்டும். இதெல்லாம் முடிந்தபின் கணக்குக்கென்று மிஞ்சுவது அரை நிமிடமோ முக்கால் நிமிடமோதான்.

அந்த அரை நிமிடத்தில் முழு வகுத்தலைப் போடுவதா, "சுமார் இவ்வளவு" என்று முடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போவதா? தோராயமாகப் போட்டால் நேரம் மிச்சம் என்று சிலர் சொல்லித் தருகிறார்கள். தோராயம் ஆபத்து, எதையும் போட்டுப் பார்த்துத்தான் குறிக்க வேண்டும் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டையும் எல்லாக் கேள்விக்கும் பொதுவான விதியாகச் சொல்வதில்தான் பிரச்சினை. எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பதைக் கேள்வியே சொல்லிவிடுகிறது. அதைச் சொல்லும் இடம் ஆப்ஷன்கள். அவற்றைப் பார்க்காமல் கணக்கைத் தொடங்குபவர், எங்கே நிறுத்துவது என்று தெரியாமலே தொடங்குகிறார்.

ஆப்ஷன்களுக்கு இடையே உள்ள தூரம்

ஒரு பட்டை வரைபடம் இருக்கிறது. ஒரு நூலகத்தில் முதல் ஆண்டு 387 ஆயிரம் புத்தகங்கள் இரவல் போயின, மறு ஆண்டு 462 ஆயிரம். எத்தனை சதவீதம் கூடியது? ஆப்ஷன்கள் 12, 16, 19, 24, 30.

வித்தியாசம் 75. 375-ல் 75 என்பது சரியாக ஐந்தில் ஒரு பங்கு, 20 சதவீதம். உண்மையில் நாம் வகுக்க வேண்டிய எண் 387, அது 375-ஐவிடக் கொஞ்சம் பெரியது. வகுக்கும் எண் பெரிதானால் பின்னம் சிறிதாகும். ஆகவே விடை 20-க்குச் சற்றுக் கீழே இருக்கும். அப்படி ஒன்றுதான் இருக்கிறது: 19. பேனாவைத் தொடவே வேண்டியதில்லை.

அதே கேள்விக்கு ஆப்ஷன்கள் 18.9, 19.4, 19.8, 20.3 என்று இருந்தால்? "20-க்குச் சற்றுக் கீழே" என்பது இப்போது போதாது, மூன்று விடைகள் உயிரோடு நிற்கின்றன. உடனே நீள்வகுத்தலில் இறங்க வேண்டுமா என்றால், அதுவும் வேண்டாம். 387-ல் 20 சதவீதம் 77.4. நம்மிடம் இருப்பது 75. குறைவது 2.4. 387-ல் 1 சதவீதம் 3.87 என்பதால், 2.4 என்பது 0.6 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். 20-லிருந்து அதைக் கழித்தால் 19.4.

இந்த இரண்டாவது வழியைத்தான் நான் அதிகம் வலியுறுத்துவேன். தோராயமும் கணக்கும் ஒன்றை எடுத்தால் இன்னொன்றைக் கைவிட வேண்டிய இரு வழிகள் அல்ல. முதலில் ஒரு வசதியான எண்ணை வைத்து மதிப்பிடுகிறோம், அப்புறம் அது எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பார்த்துத் திருத்துகிறோம், தேவையானால் இன்னொரு முறை திருத்துகிறோம். ஒரே ஒரு ஆப்ஷன் மிஞ்சும் இடத்தில் நிறுத்திவிடுகிறோம். முதல் கேள்வியில் முதல் படியிலேயே நிறுத்தினோம், இரண்டாவதில் ஒரு திருத்தம் தேவைப்பட்டது. அவ்வளவுதான் வேறுபாடு.

தூரத்தை அளப்பதற்கும் ஒரு எளிய வழி உண்டு. 16-க்கும் 19-க்கும் நடுவே 3 இருக்கிறது, அது 19-ல் ஆறில் ஒரு பங்குக்குப் பக்கம், அதாவது சுமார் 16 சதவீதம். அதில் பாதிக்குள், 8 சதவீதத்துக்குள், நம் பிழை இருந்தால் சரியான விடைதான் நமக்கு மிக அருகில் இருக்கும். 18.9-க்கும் 19.4-க்கும் இடையே இருப்பதோ இரண்டரை சதவீதத்துக்குச் சற்றே மேல். அங்கே நம் பிழை 1 சதவீத அளவில் இருந்தாக வேண்டும். இந்தக் கணிப்பைத் தேர்வில் எழுதிப் பார்க்கத் தேவையில்லை. ஆப்ஷன்களை ஒரு முறை மேலிருந்து கீழே பார்த்தாலே "விலகி இருக்கின்றன", "நெருங்கி இருக்கின்றன" என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

வரைபடம் எவ்வளவு துல்லியம் தருகிறது?

இன்னொரு எல்லை வரைபடத்திலேயே இருக்கிறது. பட்டையின் மேல் எண் அச்சிடப்படாமல், அச்சில் 0, 20, 40, 60, 80 என்று மட்டும் கோடுகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு பட்டை 40-க்கும் 60-க்கும் நடுவே, பாதிக்குக் கொஞ்சம் கீழே முடிகிறது. 46 என்று படிக்கிறோம். அது 44 ஆகவும் இருக்கலாம், 48 ஆகவும் இருக்கலாம். படிக்கும்போதே 4 சதவீதம் சந்தேகம் வந்துவிட்டது. இன்னொரு பட்டையை 71 என்று படிக்கிறோம், அதிலும் 3 சதவீதம் அளவுக்குச் சந்தேகம். இந்த இரண்டையும் வகுத்து 0.6479 என்று எழுதுபவர், கடைசி இரண்டு இலக்கங்களை இல்லாத தகவலிலிருந்து எழுதுகிறார். விகிதத்தில் சந்தேகம் மோசமான நிலையில் 7 சதவீதம் வரை போகும்.

கேள்வி தயாரிப்பவருக்கும் இது தெரியும். எண் அச்சிடாத பட்டையை வைத்துக்கொண்டு 64 சதவீதமா 65 சதவீதமா என்று நியாயமாகக் கேட்க முடியாது. அதனால் இப்படிப்பட்ட படங்களுக்கு ஆப்ஷன்கள் விலகி நிற்கும், கேள்வியில் "ஏறக்குறைய" என்ற சொல் இருக்கும். மாறாக, ஒவ்வொரு பட்டையிலும் எண் அச்சாகியிருந்தாலோ, படத்துக்குப் பதில் அட்டவணை கொடுத்திருந்தாலோ, நெருக்கமான ஆப்ஷன்கள் வரலாம் என்று எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜி.ஆர்.இ. தேர்வு இதில் ஒரு படி மேலே போய் விதியாகவே சொல்லிவிடுகிறது. வடிவியல் படங்கள் அளவுத்திட்டப்படி வரையப்பட்டவை என்று நம்பக்கூடாது. ஆனால் பட்டை வரைபடம், வட்ட வரைபடம், கோட்டு வரைபடம் போன்ற தரவுப் படங்கள் அளவுப்படிதான் வரையப்பட்டிருக்கும், பார்வையாலேயே மதிப்புகளைப் படிக்கலாம், ஒப்பிடலாம். தோராயம் இங்கே அனுமதிக்கப்பட்ட குறுக்குவழிகூட அல்ல, தேர்வு நம்மிடம் எதிர்பார்க்கும் திறன்.

வரைபடம் பிறந்ததே கண்ணால் ஒப்பிடுவதற்காகத்தான். வில்லியம் பிளேஃபேர் 1786-ல் வெளியிட்ட படங்களில்தான் இன்று நாம் பட்டை வரைபடம் என்று அழைப்பது முதலில் பரவலாகத் தெரியவந்தது. ஸ்காட்லாந்தின் வணிகத்தைப் பற்றி அவரிடம் ஒரே ஓர் ஆண்டுக்கான தரவுதான் இருந்தது. காலப்போக்கில் ஓடும் கோடு வரைய வழியில்லை, அதனால் நாட்டுக்கு நாடு ஏற்றுமதி இறக்குமதியைப் பட்டைகளாக நிறுத்தினார். வட்ட வரைபடத்தை 1801-ல் கொண்டுவந்தவரும் அவர்தான். எண் வரிசைகளில் படித்துப் படித்து மண்டைக்குள் சேர்க்க வேண்டியதை ஒரே பார்வையில் காட்டுவது அவருடைய நோக்கம்.

ஆனால் கண் எல்லா வடிவங்களையும் ஒரே திறமையோடு அளப்பதில்லை. 1984-ல் கிளீவ்லேண்ட், மெக்கில் என்ற இரு புள்ளியியலாளர்கள் இதைச் சோதித்து ஒரு வரிசை கொடுத்தார்கள். ஒரே அச்சில் நிற்கும் புள்ளிகளின் இடத்தை ஒப்பிடுவதில் கண் மிகத் துல்லியம். தனித்தனியே கிடக்கும் நீளங்களில் கொஞ்சம் குறைவு, கோணங்களில் இன்னும் குறைவு, பரப்பளவில் அதைவிட மோசம். தேர்வெழுதுபவருக்கு இதில் நேரடிப் பயன் இருக்கிறது. ஒரே அடிக்கோட்டில் நிற்கும் பட்டைகளைப் பார்வையால் ஒப்பிடலாம். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பட்டையில் அடியில் இருக்கும் பகுதியை அப்படியே நம்பலாம். மேலே மிதக்கும் பகுதிகளுக்கு மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் அச்சில் படித்துக் கழிப்பதுதான் பாதுகாப்பு. வட்ட வரைபடத்தில் அரை வட்டமும் செங்கோணமும் கண்ணுக்கு நன்றாகப் பிடிபடும், அதாவது 50 சதவீதமும் 25 சதவீதமும். 1 சதவீதம் என்பது வெறும் 3.6 டிகிரி, ஆகவே ஒரு துண்டு 13 சதவீதமா 15 சதவீதமா என்று பார்வையால் சொல்ல முயல வேண்டாம்.

பிழை எந்தப் பக்கம் போகிறது?

எண்ணை முழுதாக்கும்போது எவ்வளவு விலகினோம் என்பதைவிட எந்தப் பக்கம் விலகினோம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இது மிக எளிதாகக் கற்றுக்கொள்ளக்கூடியது, அதனால்தான் வருத்தமாக இருக்கிறது.

பெருக்கலில் ஒன்றைக் கூட்டினால் மற்றதைக் குறையுங்கள். 48 × 63 என்பதை 50 × 60 என்று மாற்றினால் 3,000, உண்மை 3,024. ஏறக்குறைய ஒன்றேதான். ஆனால் 47 × 58-ஐயும் 50 × 60 ஆக்கினால், இரண்டையும் மேலே தூக்கியதால் 2,726-க்குப் பதில் 3,000 வந்து நிற்கும். 10 சதவீதம் பிழை.

வகுத்தலில் நேர்மாறு. இரண்டையும் ஒரே பக்கம் நகர்த்த வேண்டும். 2,847-ஐ 413-ஆல் வகுக்க வேண்டும் என்றால் 2,800-ஐ 400-ஆல் வகுங்கள். 7 வரும், உண்மை 6.89. மேலே உள்ளதை 2,900 ஆக ஏற்றி, கீழே உள்ளதை 400 ஆக இறக்கினால் 7.25, பிழை 5 சதவீதத்தைத் தாண்டிவிடும்.

கழித்தல்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. இங்கே கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஓராண்டு 4,963, அடுத்த ஆண்டு 5,128. உயர்வு 165, சதவீதத்தில் 3.3. இரண்டையும் நூறுகளுக்கு முழுதாக்கினால் 5,000-மும் 5,100-ம். ஒவ்வொன்றிலும் நாம் செய்த பிழை 1 சதவீதத்துக்கும் குறைவு, பார்க்க அப்பாவியாக இருக்கிறது. ஆனால் வித்தியாசம் 165-லிருந்து 100 ஆகிவிட்டது, சதவீதம் 3.3-லிருந்து 2 ஆகிவிட்டது. பெரிய எண்கள் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மிஞ்சும் சின்ன மீதியில், முழுதாக்கலின் பிழை மட்டும் அப்படியே உட்கார்ந்துகொள்கிறது. வளர்ச்சி விகிதம், லாப வித்தியாசம், இரண்டு ஆண்டுகளின் இடைவெளி என்று வரைபடக் கேள்விகளில் பாதிக்குப் பாதி கழித்தல் ஒளிந்திருக்கும். ஆகவே முதலில் துல்லியமாகக் கழியுங்கள், கிடைத்த வித்தியாசத்தை வகுக்கும்போது தோராயத்துக்குப் போங்கள். மேலே நூலகக் கேள்வியில் 462-லிருந்து 387-ஐ நேராகக் கழித்து 75 எடுத்ததும், அதன்பிறகே 387-ஐ 375 ஆக்கியதும் இதனால்தான்.

தொடர்ச்சியான பெருக்கலும் இதே கவனம் கேட்கும். மூன்று ஆண்டு தலா 4.6 சதவீத வளர்ச்சி என்றால் மொத்தம் 14.4 சதவீதம். 4.6-ஐ 5 ஆக்கிவிட்டால் 15.8. ஒவ்வொரு படியிலும் சேர்ந்த சிறு பிழை மூன்றாவது படியில் வேறொரு ஆப்ஷனின் வாசலில் கொண்டுபோய் விடும்.

கணக்கே வேண்டாத கேள்விகள்

எந்த ஆண்டில் வளர்ச்சி சதவீதம் அதிகம், எந்தத் துறையின் பங்கு குறைந்தது என்ற மாதிரிக் கேள்விகள் எண்ணைக் கேட்பதில்லை, வரிசையைக் கேட்கின்றன. அங்கே ஐந்து வகுத்தல் போடுவது வீண்.

அடுத்தடுத்த ஆறு ஆண்டுகளின் மதிப்புகள் 240, 300, 345, 420, 504, 567 என்று இருக்கட்டும். கோட்டு வரைபடத்தில் மிக உயரமாகத் தாவுவது 420-லிருந்து 504, 84 அலகு. அவசரத்தில் கண் அதைத்தான் எடுக்கும். ஆனால் முதல் தாவல் 240-லிருந்து 60, அதாவது சரியாகக் கால் பங்கு. இப்போது கால் பங்கையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். 420-ல் கால் பங்கு 105, 84 அதை எட்டவில்லை. 345-ல் கால் பங்கு 86-க்கு மேல், கூடியது 75 மட்டும். மற்ற இரண்டு தாவல்கள் பக்கத்திலேயே வரவில்லை. முதல் தாவல்தான் விடை. ஒரு வகுத்தல்கூடப் போடவில்லை, ஆனால் தோராயமும் இல்லை. முழுக்க உறுதியான விடை.

இரண்டு வட்ட வரைபடங்கள் பக்கத்தில் பக்கத்தில் வரும்போதும் இப்படித்தான். ஒரு பிரிவின் பங்கு முதல் படத்தில் 23 சதவீதம், இரண்டாவதில் 18. மொத்தம் முதலில் 680 டன், பிறகு 940. துண்டு சுருங்கியிருப்பதால் அளவும் குறைந்தது என்று தோன்றும். மொத்தம் முன்பிருந்ததைப்போல் 1.4 மடங்குக்குப் பக்கம் வளர்ந்திருக்கிறது. 18-ஐ 1.4-ஆல் பெருக்கினால் 25, 23-ஐத் தாண்டுகிறது. ஆக அளவு கூடியிருக்கிறது. போட்டுப் பார்த்தால் 156.4 டன்னிலிருந்து 169.2 டன். வட்டங்கள் ஒரே அளவில் வரையப்பட்டிருந்தால் கண்ணுக்கு இந்த உண்மை தெரியவே தெரியாது.

அச்சு பூச்சியத்தில் தொடங்காத படங்களும் அப்படியே. அச்சு 50-ல் தொடங்கினால் 60-ன் பட்டையும் 70-ன் பட்டையும் ஒன்றுக்கு இரண்டாகத் தெரியும், உண்மையில் ஆறுக்கு ஏழு. எந்தப் பட்டை பெரியது என்பதற்குப் பார்வை போதும். எத்தனை மடங்கு என்பதற்கு எண்ணைப் படித்தே ஆக வேண்டும். படத்தைப் பார்த்ததும் அச்சின் அடியில் இருக்கும் எண்ணைப் பார்க்கும் பழக்கம் ஒன்று வந்துவிட்டால், இந்தக் குழியில் விழ மாட்டோம்.

சராசரிக் கேள்விகளுக்கும் ஒரு வார்த்தை. 72, 85, 78, 91, 80, 83 என்ற ஆறு எண்களைக் கூட்டி வகுக்க வேண்டாம். 80 என்று ஊகித்துக்கொண்டு விலகல்களை மட்டும் கூட்டுங்கள்: −8, 5, −2, 11, 0, 3. மொத்தம் 9, ஆறால் வகுத்தால் 1.5. சராசரி 81.5, சரியான விடை.

மதிப்பெண் விதி, கால்குலேட்டர், எண்ணைத் தட்டும் கேள்விகள்

எத்தனை தூரம் திருத்திக்கொண்டே போவது என்பதைத் தேர்வின் மதிப்பெண் விதியும் தீர்மானிக்கிறது. ஜி.ஆர்.இ. தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, ஆகவே மிச்சமிருக்கும் இரண்டில் ஒன்றைக் குறித்துவிட்டுப் போவதில் நஷ்டமில்லை. ஐ.ஐ.எம். சேர்க்கைக்கான கேட் (CAT) தேர்வில் ஆப்ஷன் உள்ள கேள்விகளுக்குச் சரியென்றால் 3 கூடும், தவறென்றால் 1 குறையும். நான்கில் ஒன்றைக் கண்ணை மூடிக் குறித்தால் சராசரியாகக் கிடைப்பது பூச்சியம். தோராயத்தால் ஒரே ஒரு ஆப்ஷனை நீக்கினாலே சராசரி மூன்றில் ஒரு மதிப்பெண்ணாகிறது, இரண்டை நீக்கினால் 1 ஆகிறது. விடை வரை கொண்டுபோகாத அரைகுறை மதிப்பீட்டுக்கும் இப்படி மதிப்பு உண்டு. ஒரு நிமிடம் கூடுதலாகச் செலவழித்து அந்தக் கேள்வியை முழுதாக முடிப்பதா, அதே நிமிடத்தில் வேறொரு எளிய கேள்வியை எடுப்பதா என்று பார்த்தால், பெரும்பாலும் இரண்டாவதே லாபம்.

இந்த மூன்று தேர்வுகளிலும் தரவுக் கேள்விகளுக்குத் திரையிலேயே கால்குலேட்டர் இருக்கிறது. அப்புறம் எதற்குத் தோராயம் என்ற கேள்வி நியாயமானது. ஒவ்வொரு இலக்கமாகச் சுட்டித் தட்டுவது மனக்கணக்கைவிட மெதுவாகப் போகலாம் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரியது, கால்குலேட்டர் நாம் தட்டியதைத்தான் கணக்கிடும், தட்ட நினைத்ததை அல்ல. 387-க்குப் பதில் 378 விழுந்தாலோ, ஆயிரத்தில் உள்ளதையும் லட்சத்தில் உள்ளதையும் கலந்துவிட்டாலோ, திரையில் வரும் எண் அதே நம்பிக்கையோடுதான் நிற்கும். "20-க்குக் கொஞ்சம் கீழே வரும்" என்று முன்கூட்டியே மனத்தில் ஒன்று இருந்தால், 1.94 என்றோ 194 என்றோ வரும்போது உடனே கை நின்றுவிடும். சின்னப் பிழைகளை இது பிடிக்காது, புள்ளி இடம் மாறியதையும் தவறான பட்டையைப் படித்ததையும் பிடித்துவிடும்.

ஆப்ஷன்களே இல்லாமல் எண்ணைத் தட்டச் சொல்லும் கேள்விகளில் நிலைமை மாறுகிறது. எங்கே நிறுத்துவது என்று சொல்ல அங்கே யாரும் இல்லை, "அருகிலுள்ள முழு எண்ணுக்கு" என்ற வரியைத் தவிர. அந்த வரி கடைசி விடைக்கு மட்டுமே பொருந்தும். நடுவில் வரும் எண்களை முழுதாக்காமல் கால்குலேட்டரிலேயே வைத்துக்கொண்டு போய், முடிவில் ஒரே ஒரு முறை முழுதாக்க வேண்டும். இந்த வகைக் கேள்விக்கு நேரம் தேவை, அந்த நேரம் விலகிய ஆப்ஷன்கள் உள்ள கேள்விகளில் நாம் மிச்சம் பிடித்ததிலிருந்துதான் வர வேண்டும்.

பயிற்சியின்போது ஒரு வேலை செய்து பாருங்கள். ஒவ்வொரு வரைபடக் கேள்விக்கும் முதலில் மதிப்பீட்டை ஓரத்தில் எழுதிவிட்டு, நேரக் கணக்கு முடிந்தபின் முழு விடையைப் போட்டு, எத்தனை சதவீதம் தள்ளிப் போனது என்று குறித்துக்கொள்ளுங்கள். கூடவே ஆறில் ஒன்று 16.67, ஏழில் ஒன்று 14.29, எட்டில் ஒன்று 12.5, ஒன்பதில் ஒன்று 11.11, பதினொன்றில் ஒன்று 9.09 என்ற சதவீதங்களை மனப்பாடம் செய்துவிடுங்கள். வகுத்தல் தோராயங்களில் பெரும்பகுதி இவற்றைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறது. சில வாரம் இப்படிக் குறித்துவந்தால், பட்டைகளில் உங்கள் கண் எவ்வளவு நம்பத்தக்கது, வட்டங்களில் எவ்வளவு, கழித்தல் வந்தால் எவ்வளவு என்று தனித்தனியாகத் தெரியவரும். உங்கள் பிழை அதிகமாக வரும் வகை எதுவோ, தேர்வில் அதற்கு மட்டும் கூடுதலாக இருபது முப்பது விநாடி ஒதுக்கினால் போதும்.